‘1.5 தானே மச்சான், எண்ணெய் குடிக்காது’: பெரிய எஸ்யூவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்துக்குச் செந்தூலிலிருந்து பினாங்கு தண்ணீர்மலைக்குக் குடும்பமாகப் போனோம். மைத்துனரின் புது எஸ்யூவி: ஏழு இருக்கை, 1.5 லிட்டர் டர்போ. பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் இரண்டு பேர், கூரையில் ஒரு சாமான் பெட்டி. ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது கியர் தானாக இரண்டு படி இறங்கியது. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் 4000-ஐத் தொட்டது. திரையில் அந்த நேரத்து எண்ணெய்க் கணக்கு, அதாவது பெட்ரோல் செலவு, 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டரைத் தாண்டி நின்றது. “1.5 தானே மச்சான், எண்ணெய் குடிக்காது” என்று சொல்லி வாங்கியவர், ஏற்றம் முடியும்வரை எதுவும் பேசவில்லை.

இந்த நம்பிக்கை நம்மிடம் ஊறிப் போனதற்குக் காரணம் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் பெட்ரோல் எஸ்யூவிக்கான சாலை வரி சிசி கணக்கில்தான், அதாவது எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் ஏறுகிறது (1,000 சிசி ஒரு லிட்டர்). 1,477 சிசி புரோட்டோன் எக்ஸ்90-க்கு ஆண்டுக்கு 120 ரிங்கிட். 2,488 சிசி நிசான் எக்ஸ்-டிரெயிலுக்கு 830 ரிங்கிட் 40 சென். வரியில் மிச்சமாகும் அந்த 700 ரிங்கிட் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வரி குறைந்தால் எண்ணெயும் அதே அளவில் குறையும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சிசி பார்த்து வரி போடுவது அரசாங்கம். மலை ஏற்றத்துக்குச் சிசி தெரியாது. வண்டியின் எடை, காற்றின் எதிர்ப்பு, ஏற்றம் ஆகிய மூன்றும் எவ்வளவு உழைப்பைக் கேட்கின்றனவோ, அதை எந்த எஞ்சினானாலும் கொடுத்தே ஆகவேண்டும்.

சிறிய டர்போ எஞ்சின் லேசான வேலையில் கெட்டிக்காரன். தனி ஆளாக, 90 கிலோமீட்டர் வேகத்தில், சமதளத்தில் போனால் உராய்விலும் காற்றை உறிஞ்சுவதிலும் வீணாவது குறைவு. ஏழு பேரோடு ஏற்றத்தில் மிதித்தால் கதை மாறுகிறது. டர்போ முழு வேகத்தில் காற்றைத் திணிக்கிறது, வெப்பம் ஏறுகிறது. பல எஞ்சின்களில் அந்த வெப்பத்தைத் தணிக்கவே, எரியத் தேவையானதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. அந்தக் கூடுதல் பெட்ரோல் வண்டியைத் தள்ளுவதற்குப் பயன்படுவதில்லை. அதே ஏற்றத்தை 2.5 லிட்டர் எஞ்சின் மூச்சு வாங்காமல் ஏறிவிடும்.

பெரிய எஞ்சினுக்கு அடி விழுவது ஜேம்மில். மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏர்கானோடு ஊர்ந்தாலோ, பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் பிள்ளைக்குக் காத்திருந்தாலோ, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே நின்ற இடத்தில் குடித்துவிடும். ஆகவே சிசியைக் கேட்பதற்கு முன்பு, வாரத்தில் ஆறு நாள் எந்தச் சாலையில், எத்தனை பேரோடு ஓடப் போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத் தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்புவது அடுத்த தவறு. எந்தச் சோதனையில் வந்த எண் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். ஐரோப்பாவின் பழைய எண்ணெய்ச் செலவுச் சோதனையான என்இடிசி, ஆய்வகத்தில் உருளைமேல் 20 நிமிடம், சுமார் 11 கிலோமீட்டர், சராசரி 34 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. ஐரோப்பாவில் 2017-லிருந்து அதன் இடத்துக்கு வந்த டபிள்யூஎல்டிபி நீளமானது, வேகமானது, நிஜத்துக்குப் பக்கமானது. ஆனால் இரண்டிலுமே ஏர்கான் அணைத்திருக்கும். கோலாலம்பூரில் ஏர்கான் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை.

அப்புறம், நாம் கணக்குப் பார்க்கும் விதம். “ஐம்பது வெள்ளிக்கு எண்ணெய் போட்டேன், மூணு நாள் ஓடுச்சு” என்பது கணக்கே இல்லை. டேங்க்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் நிறுத்தி, டிரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். அடுத்த முறை முடிந்தால் அதே பம்ப்பில் அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். மூன்று முறை செய்தால் உண்மை தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும் வண்டியை 9-க்குக் கொண்டுவந்தால் 1,000 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் மிச்சம். 14-லிருந்து 15-க்குப் போனால் ஐந்து லிட்டர்கூட மிச்சமாகாது. அதனால்தான் பெரிய வண்டிக்காரர்கள் அந்த ஒரு கிலோமீட்டரை அலட்சியமாக விடக்கூடாது என்கிறேன்.

டீசலுக்கு லிட்டர் கணக்கு மட்டும் போதாது, சென் கணக்கும் வேண்டும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்த வண்டி அன்றும் அதையேதான் கொடுத்தது. கிலோமீட்டருக்கு 21.5 சென் செலவு மட்டும் 33.5 ஆகிவிட்டது. பெட்ரோலில், வண்டிப் புத்தகம் ரோன்95 போதும் என்றால், அதைவிட ஆக்டேன் அளவு கூடிய ரோன்97 ஊற்றிப் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக வேகம். எஸ்யூவியின் நெற்றி அகலம். வேகம் 90-லிருந்து 110-க்கு ஏறும்போது காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. 130-ல் இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். கூரைப் பெட்டி இருந்தால் இன்னும் மோசம்.

தைப்பூசம் முடிந்ததும் அந்தப் பெட்டியைக் கழற்றி, பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டில் வைத்துவிட்டோம். போகும்போது சில இடங்களில் 130-ஐத் தொட்ட மைத்துனர், திரும்பும்போது 100-ஐத் தாண்டவில்லை. அதே ஏழு பேர், அதே ஏர்கான். போனபோது டேங்க் கணக்கில் லிட்டருக்கு 8.4 கிலோமீட்டர். செந்தூலில் எண்ணெய் நிரப்பி வகுத்துப் பார்த்தபோது 10.6 வந்தது.