சபையில் மாற்றம்: ஆயர்கள் சறுக்கும் இடங்கள்

புது ஆயர் (சபைப் போதகர்) வந்த மூன்றாவது ஞாயிறே ஆராதனை நேரம் மாறிவிடும். அறிவிப்பு வாசிக்கும்போதுதான் சபைக்கே விஷயம் தெரியும். கேட்டால், "கமிட்டியில் தீர்மானம் போட்டாயிற்றே" என்பார்கள்.

கமிட்டி ஒப்புக்கொண்டால் சபையே ஒப்புக்கொண்டது போல என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கமிட்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பைக்கோ காரோ வைத்திருப்பவர்கள். எட்டரை மணி ஆராதனையை ஏழரைக்குக் கொண்டுவந்தால், பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் என்ன செய்வார்? பெண்கள் ஐக்கிய சங்கம், பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், கோயிலைப் பெருக்குகிற அம்மா என்று எல்லாரிடமும் முதலில் பேச வேண்டும். அறிவிப்பு அதற்குப் பிறகுதான்.

அவசரம் அடுத்த தவறு. தென்னிந்தியத் திருச்சபை உருவான கதையைப் பாருங்கள். சபைகளை ஒன்றாக்க 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில்தான் முடிந்தது. இடையில் 28 ஆண்டுகள். முன்னின்று உழைத்த பேராயர் அசரியா அந்த நாளைப் பார்க்காமலே 1945இல் காலமானார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என மூன்று மரபுகள் சேர்ந்தபோதும், பழக்கமில்லாத ஆராதனை முறையை எந்தச் சபையின் மேலும் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். 1950இல் வந்த புதிய திருவிருந்து ஆராதனை முறையும் கட்டாயமாக்கப்படவில்லை. எதெல்லாம் மாறாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நம் ஆயர்கள் பலரும் மறப்பது இதைத்தான்.

இவ்வளவு பொறுமை காட்டியும் ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபைகள் இணைய மறுத்துவிட்டன. ஆகவே எல்லாரும் கூடவே வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதும் தவறுதான். வராதவர்களை முரடர்கள் என்று பிரசங்கத்தில் குத்திக்காட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

பாமாலைப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டு, பாட்டு வரிகளைக் காட்டும் திரை மாட்டுவது இப்போது எங்கும் நடக்கிறது. திரை வரட்டும். ஆனால் முன்னால் பாயில் உட்காரும் பாட்டிமாருக்கு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், எழுத்தும் தெரியாது. பெரிய எழுத்துப் பாமாலை நாலைந்து பிரதிகளை அங்கேயே வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

2020இல் ஊரடங்கு வந்தபோது ஈஸ்டர் ஆராதனையே யூடியூபுக்குப் போனது. லைவ் போட்டதும் வேலை முடிந்தது என்று சில சபைகளில் நினைத்தார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு ஒரு போன் செய்து ஜெபிக்க ஆள் ஏற்பாடு செய்த சபைகளை இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள்.

காணிக்கைக் கணக்கைச் சொல்லாமல் தள்ளிப்போடுவது, முந்தைய ஆயரைக் குறை சொல்வது: இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாற்றக் காலத்தில் வதந்திக்கு இரண்டில் ஒன்று போதும்.

அப்புறம், "மூன்று மாதம் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்" என்ற பேச்சு. சொன்னால் நான்காம் மாதம் சபைக் கூட்டம் கூட்டிக் கேட்க வேண்டும். பழைய நேரமே வேண்டும் என்று பெரும்பாலானோர் சொன்னால், அடுத்த ஞாயிறே எட்டரைக்கு மணி அடிக்க வேண்டும்.