டி.டபிள்யூ.ஆர்.பி-யில் பேக்கப் எடுக்கும் முன் ஸ்கிரீன் லாக்கை எடுத்துவிடுங்கள்

என்கிரிப்ட் ஆன (தகவல்கள் ரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டப்பட்ட) ஆண்ட்ராய்டு போனை டி.டபிள்யூ.ஆர்.பி (TWRP) ரெக்கவரியில், அதாவது போனில் நாமே நிறுவும் தனி மீட்பு மென்பொருளில், பேக்கப் எடுக்கப் போகிறீர்களா? முதலில் செட்டிங்ஸில் பின் நம்பர், பேட்டர்ன் எல்லாவற்றையும் நீக்கி, லாக்கை 'இல்லை' என்று மாற்றுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கைரேகையை மட்டும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும்.

டேட்டா பார்ட்டிஷனோடு (ஆப்களும் அவற்றின் தகவல்களும் இருக்கும் பகுதி) லாக் பற்றிய கோப்புகளும் பேக்கப்பில் போகின்றன. ஆனால் அவற்றோடு இணைந்த சாவியின் ஒரு பகுதி போனின் பாதுகாப்பு வன்பொருளில் இருக்கிறது. அது பேக்கப்பில் வராது. ரீஸ்டோர் செய்தபின் இரண்டும் பொருந்தாவிட்டால், சரியான பின்னைப் போட்டாலும் போன் திறக்காது. லாக் இல்லாமல் எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பேக்கப்பை எஸ்டி கார்டிலோ ஓடிஜி பென்டிரைவிலோ வையுங்கள். இன்டர்னல் ஸ்டோரேஜில் உள்ள படங்கள் டேட்டா பேக்கப்பில் சேராது, தனியாக நகலெடுங்கள். இன்னொன்று, அந்த பேக்கப் பொதுவாக என்கிரிப்ட் ஆகாமல்தான் இருக்கும். பென்டிரைவ் பத்திரம்!

ரெக்கவரியில் இன்டர்னல் ஸ்டோரேஜ் 0 எம்பி என்றோ, கோப்புப் பெயர்கள் கன்னாபின்னாவென்றோ தெரிந்தால், உங்கள் மாடலுக்கான அந்த டி.டபிள்யூ.ஆர்.பி பதிப்பால் டேட்டாவைத் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். அங்கே இந்த வழி உதவாது. பூட்லோடர் (போனைத் துவக்கும் மென்பொருள்) இன்னும் பூட்டியிருக்கும் போனுக்கும் இது வேண்டாம், பூட்லோடரைத் திறக்கும்போதே டேட்டா அழிந்துவிடும்.