ஹிமாலயன் 411: வீட்டிலேயே எடை போட்டு, வேண்டாத கிலோவைக் கழற்றுவது எப்படி?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஓட்டுபவரிடம் வண்டியில் என்ன குறை என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் எடைதான். பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்கு நிறுவனம் சொல்லும் எடை 199 கிலோ. எஞ்சின் தருவது 24 குதிரைத்திறன் சொச்சம். நெடுஞ்சாலையில் போகும்போது இந்த எடை தெரியாது. மணலில் காலூன்றி வண்டியைத் திருப்பும்போதும், சரிந்து விழுந்ததைத் தனியாளாகத் தூக்கும்போதும் நன்றாகவே தெரியும்.

சைலன்சரை மாற்று, பேட்டரியை மாற்று என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டி இன்று எத்தனை கிலோ என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் மாட்டிய கிராஷ் கார்டு, பெட்டி, பெட்டிக்கான ஃபிரேம், கூடுதல் லைட் எதுவும் அந்த 199-இல் சேராது. செலவில்லாமல் குறைக்கக்கூடிய எடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஹிமாலயனை வைத்து எழுதுகிறேன்; முறை எந்த பைக்குக்கும் ஒன்றுதான்.

199 கிலோவில் என்ன அடக்கம்?

ஆயிலும் 90 சதவீத பெட்ரோலும் சேர்ந்த எடை அது. டேங்க் கொள்ளளவு 15 லிட்டர் என்பதால் 90 சதவீதம் என்றால் 13.5 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ, ஆக 10 கிலோ பெட்ரோல். அதைக் கழித்தால் எதுவும் கூடுதலாக மாட்டாத வண்டி பெட்ரோல் இல்லாமல் சுமார் 189 கிலோ. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

லாரி எடை போடும் வே பிரிட்ஜில் ஏற்றிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அவை பெரும்பாலும் 5 கிலோ, 10 கிலோ படியாகத்தான் காட்டும். நாம் தேடுவது அரை கிலோவையும் ஒரு கிலோவையும். அதற்கு வீட்டில் உடல் எடை பார்க்கும் டிஜிட்டல் மெஷினே மேல்.

வேண்டிய பொருட்கள்

150 கிலோ வரை தாங்கும் எடை மெஷின் ஒன்று போதும். ஒரு நேரத்தில் ஒரு வீல்தான் அதன்மேல் ஏறும், அது 100 கிலோ அளவில்தான் இருக்கும். கண்ணாடி மேல்தளம் வேண்டாம். டயர் தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது, அவ்வளவு எடையும் ஒரே இடத்தில் அழுத்தினால் கண்ணாடி உடையலாம். மேல்தளம் உலோகமாக இருந்தாலும் அதன்மேல் ஒரு கனமான பிளைவுட் துண்டை வையுங்கள். அப்புறம் அதே உயரத்துக்கு அடுக்க சில பலகைகள், மெஷின்மேல் ஏற்றச் சாய்வாகப் போட ஒரு நீளப் பலகை, ஒரு நோட்டு, கூட ஒரு ஆள். ஆள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

கழற்றிய பாகங்களை எடை போட, பயணப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கொக்கி ஸ்கேல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைவுதான்.

படி 1: மெஷினைச் சோதியுங்கள்

காலி தண்ணீர் கேனை எடை போடுங்கள். 20 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி மறுபடி போடுங்கள். வித்தியாசம் 20 கிலோ வர வேண்டும். இரண்டு மூன்று கேன் இருந்தால் சேர்த்து வைத்துப் பாருங்கள், எடை ஏற ஏற மெஷின் தடுமாறுகிறதா என்று தெரிந்துவிடும். அரிசிச் சிப்பத்தை வைத்துப் பார்ப்பதானால் அது 25 கிலோவா 26 கிலோவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது இரண்டும் கடையில் கிடைக்கிறது. 200, 300 கிராம் வித்தியாசம் வந்தால் கவலைப்பட வேண்டாம். நமக்கு முக்கியம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி காட்டுவதுதான்.

படி 2: தரையும் உயரமும்

சிமென்ட் அல்லது டைல்ஸ் தரை, வாட்டம் இல்லாத இடம். மண் தரையிலோ மிதியடி மேலோ வைத்தால் மெஷின் தப்பாகக் காட்டும்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது உயரத்தைத்தான். முன் வீல் மெஷின்மேல் 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, பின் வீல் தரையில் இருந்தால், எடையில் கொஞ்சம் பின்பக்கம் சரிந்துவிடும். முன் வீல் எடை குறைவாகத் தெரியும். பின் வீலை ஏற்றும்போது இதுவே திரும்ப நடந்து, பின் வீல் எடையும் குறைவாகத் தெரியும். இரண்டையும் கூட்டினால் ஹிமாலயன் மாதிரி வண்டியில் ஒரு கிலோவுக்கு மேல் காணாமல் போகும். எதையும் கழற்றாமலே எடை குறைந்த மாதிரி இருக்கும்! அதனால் ஒரு வீல் மெஷின்மேல் இருக்கும்போது மற்ற வீலுக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை இருந்தே ஆக வேண்டும். டேப் வைத்து அளந்து அடுக்குங்கள்.

படி 3: ஏற்றி அளப்பது

டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பாதி டேங்க் என்பது ஆளுக்கு ஆள் மாறும், நிறைந்த டேங்க் எப்போதும் ஒன்றுதான். வண்டியை நியூட்ரலில் போட்டு, சாய்வுப் பலகை வழியாக முன் வீலை மெஷினின் நடுவில் ஏற்றுங்கள். பிரேக்கை விட்டுவிடுங்கள். கூட இருப்பவர் பின்னால் நின்று கிராப் ரெயிலை இரண்டு கையாலும் லேசாகப் பிடித்து, வண்டியை நேராக நிறுத்த வேண்டும். கீழே அழுத்தவும் கூடாது, தூக்கவும் கூடாது. நேராக நிற்கும் வண்டிக்குக் கொஞ்சம் பிடிமானம் போதும். சைடு ஸ்டாண்டில் சாய்த்தபடி அளக்காதீர்கள், எடையில் ஒரு பங்கை ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளும்.

பல மெஷின்கள் முதலில் கிடைத்த எண்ணையே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் வீலை இறக்கி மறுபடி ஏற்றி, மூன்று தடவை பார்த்து, நடு எண்ணை எழுதுங்கள். பின் வீலுக்கும் அப்படியே. கடைசியாக பிளைவுட் துண்டைத் தனியாக எடை போட்டு இரண்டிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

படி 4: கணக்கு

உதாரணமாக, முன் வீல் 101.6, பின் வீல் 112.3, பிளைவுட் 1.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் 100.2, பின் 110.9, மொத்தம் 211.1 கிலோ. நிறைந்த டேங்க்கில் பெட்ரோல் 11.2 கிலோ. கழித்தால் 199.9. நாம் முன்பு குறித்து வைத்த எண் 189. அப்படியானால் இந்த வண்டியில் பிறகு ஏறியது ஏறக்குறைய 11 கிலோ.

படி 5: நாமே மாட்டியதிலிருந்து தொடங்குங்கள்

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: பாகம், பழைய எடை, புதிய எடை, செலவு, வண்டியில் எந்த இடம். செலவைக் குறைந்த கிலோவால் வகுத்தால், ஒரு கிலோ குறைக்க எத்தனை ரூபாய் என்று கிடைக்கும். இந்த ஒரு எண் பல ஆசைகளைத் தெளிய வைத்துவிடும்.

கிராஷ் கார்டை கழற்றாமலே அதன் எடையைக் கிட்டத்தட்ட கண்டுபிடிக்கலாம். 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள இரும்புக் குழாய் ஒரு மீட்டருக்கு 1.1 கிலோவுக்குச் சற்று மேல் வரும். நூலை வைத்து மொத்த நீளத்தை அளந்து பெருக்குங்கள். நான்கைந்து மீட்டர் குழாய் சாதாரணமாக வந்துவிடும், பிளேட்டும் போல்ட்டும் தனி. தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டியில் பெட்டி மாட்டும் ஃபிரேம் எதற்கு? ஊருக்குப் போகும்போது மாட்டி, வந்ததும் கழற்றுங்கள். டேங்க்குக்கு இரு பக்கமும் ஜெர்ரி கேன் வைக்க வண்டியோடு வரும் ஃபிரேமையும் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். ஆனால் கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர் அதை விட்டுவைப்பது நல்லது; வண்டி சரிந்தால் டேங்க்குக்கு முன் அடி வாங்குவது அதுதான்.

பெட்ரோலும் எடைதான், அதுவும் வண்டியின் உயரமான இடத்தில் உட்காரும் எடை. நகரத்துக்குள் ஓட்டும்போது பாதி டேங்க் போதும், ஐந்தரை கிலோ மிச்சம். ஒரேயடியாக வற்ற விடாதீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பது அந்தப் பெட்ரோல்தான்.

படி 6: காசு கொடுத்துக் குறைப்பது

முதலில் பேட்டரி. இந்த அளவு லெட் ஆசிட் பேட்டரி ஏறக்குறைய 3 கிலோ, அதே வேலை செய்யும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒரு கிலோ அளவில் வரும். ஒரே ஸ்பானரில் 2 கிலோ. வாங்குவதற்கு முன் எஞ்சினை 3,000, 4,000 ஆர்.பி.எம். வரை ஏற்றி, மல்டிமீட்டரில் சார்ஜிங் வோல்டேஜைப் பாருங்கள். 14.6 வோல்ட்டைத் தாண்டினால் லித்தியம் பேட்டரி போடாதீர்கள். கடும் குளிரில் இவ்வகை பேட்டரி காலையில் மந்தமாகத்தான் ஸ்டார்ட் செய்யும். லடாக் போகும் திட்டம் இருந்தால் பழைய பேட்டரியே இருக்கட்டும்.

அடுத்தது சைலன்சர். கம்பெனி சைலன்சர் கனமானது, எடை குறைந்தது வெளியில் கிடைக்கிறது. ஆனால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடும் எதையும், சத்தம் கூட்டும் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட, நீங்கள் குறைத்த கிலோவுக்காக தெருவே ஏன் காது பொத்த வேண்டும்?

டயரும் ட்யூபும் தேய்ந்து மாற்றும் நேரம் வந்தால் மட்டும் எடையைக் கேட்டு வாங்குங்கள். வண்டி வேகமெடுக்கும்போது வீல் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ கிட்டத்தட்ட இரண்டு கிலோ போல இழுக்கும், ஏனென்றால் அதை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் அங்கே குறையும் அரை கிலோவுக்கும் மதிப்பு அதிகம். அதற்காக அளவையோ, பக்கத்தில் போட்டிருக்கும் லோடு எண்ணையோ குறைத்து வாங்கக் கூடாது.

சென்டர் ஸ்டாண்டைக் கழற்றுவது பலருக்கும் பிடித்த யோசனை. எனக்கு உடன்பாடில்லை. 411-இல் ஸ்போக் வீல், ட்யூப் டயர். பஞ்சர் ஆனால் வீலையே கழற்ற வேண்டும். ஆளில்லாத இடத்தில் அந்த ஸ்டாண்ட் இல்லாமல் பின் வீலை எப்படித் தூக்குவீர்கள்? ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் சரி, கழற்றுங்கள். ஸ்பிரிங் மிகுந்த இழுவிசையில் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்பு இல்லாமல் அதன்மேல் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுவது இன்னும் நல்லது.

கை வைக்கக் கூடாதவை

பின் வீல் பக்கத்து சேலை கார்டு முதலில் பலியாவது வழக்கம். பின்னால் உட்காருபவரின் துணி வீலில் சிக்காமல் காக்க அது இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதியே சொல்கிறது. அம்மாவோ மனைவியோ பின்னால் உட்காரும் வண்டியில் அரை கிலோவுக்காக அதை எடுக்காதீர்கள். ஏ.பி.எஸ்., கண்ணாடி, சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் அப்படியே இருக்கட்டும். டிஸ்க்கில் துளை போடுவது, பின் ஃபிரேமை அறுப்பது, ஆக்ஸில் போல்ட்டையும் காலிப்பர் போல்ட்டையும் அலுமினியத்தில் மாற்றுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது சட்டத்தின் 52-ஆம் பிரிவு.

எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம்? புதிய ஹிமாலயன் 450-ஐ நிறுவனம் அடியிலிருந்து புதிதாக வடிவமைத்தது. 17 லிட்டர் டேங்க்கோடு அதன் எடை 196 கிலோ. எனவே வீட்டில் ஸ்பானர் பிடித்து 30 கிலோ குறைக்கலாம் என்ற கனவு வேண்டாம். கூடுதலாக மாட்டியதில் பாதியைக் கழற்றி, பேட்டரியையும் மாற்றி 7, 8 கிலோ குறைத்தால் அது நல்ல வேலை. உண்மையில் லேசான வண்டிதான் தேவை என்றால், 160 கிலோ அளவில் இருக்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அந்த இடைவெளியை எந்த மாற்றமும் நிரப்பாது.

படி 7: மறுபடி எடை

வேலை முடிந்ததும் அதே தரை, அதே பலகை, அதே நிறைந்த டேங்க். மொத்த எடையோடு முன் வீலுக்கும் பின் வீலுக்கும் உள்ள பங்கையும் பாருங்கள். பின்பக்கம் மட்டும் நிறையக் குறைந்திருந்தால் பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, ஒரு படி தளர்த்திப் பாருங்கள். பின்பக்கம் சற்று உயர்ந்தால் ஹெட்லைட் வெளிச்சம் கீழே இறங்கிவிடும், இரவில் ஒரு சுவர் முன் நிறுத்தி அதையும் சரிசெய்யுங்கள். கழற்றி மாட்டிய போல்ட்டுகள் எல்லாவற்றையும் நூறு கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். கழற்றி எடுத்த பாகங்களையும் அவற்றின் போல்ட்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, மேலே பெயர் எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.