டெல்லியைத் தனியாக, சிக்கனமாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

டெல்லியில் பணம் கரைவது நுழைவுச்சீட்டில் அல்ல. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டிலும் இந்தியர்களுக்கு 40 ரூபாய்தான். ரொக்கமில்லாமல் கட்டினால் 35. கரைவதெல்லாம் ஆட்டோவில். தனியாகப் போகிறவருக்குப் பங்குபோட ஆளில்லாததால் முழு வாடகையும் ஒருவர் தலையில் விழும். அதனால் இடங்களை அவற்றின் புகழை வைத்து வரிசைப்படுத்தாமல், மெட்ரோ பாதையை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

படி 1: திங்கட்கிழமையை முதலில் பாருங்கள்

செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், காந்தி ஸ்மிருதி எல்லாம் திங்களன்று விடுமுறை. அன்றைக்கு குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம் என்று வையுங்கள். சாந்தினி சௌக்கில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாட்களில் பாதுகாப்புக்காகச் செங்கோட்டைக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

படி 2: புதுடெல்லி ரயில் நிலையத்தில் சரியான பக்கம் இறங்குவது

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நிலையத்துக்கு இரண்டு முகங்கள். 1ஆம் நடைமேடைப் பக்கம் பஹாட்கஞ்ச். மலிவான தங்கும் விடுதிகள் அங்கே, சாலையைக் கடந்தால் மெயின் பஜார். 16ஆம் நடைமேடைப் பக்கம் அஜ்மீரி கேட், மெட்ரோ அங்கே. கூட்டத்தின் பின்னாலேயே போய்த் தவறான பக்கம் வெளியே வந்துவிட்டால், நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்பதை நடைமேம்பாலத்தில் ஏறும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

வாசலில் யாராவது வந்து "உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது", "இன்று மெட்ரோ ஓடாது", "சுற்றுலா அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்" என்றால், நிற்காமல் நடங்கள். கடைசியில் ஏதாவது டிராவல்ஸ் கடையில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதை நம்ப வேண்டாம்.

மெட்ரோ பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. விமான நிலைய விரைவுப் பாதைக்குத் தனி வாயில், தனிக் கட்டணம். ஊருக்குள் போக மஞ்சள் பாதையின் பலகையைப் பின்தொடருங்கள். பழைய டெல்லிக்கு "சமய்பூர் பாத்லி" திசை, குதுப் பக்கம் போக "மில்லேனியம் சிட்டி சென்டர் குருகிராம்" திசை. இடையில் உள்ள ஊர்ப்பெயர்களைத் தேடாதீர்கள். பலகையில் ரயில் போய் முடியும் இடத்தின் பெயர்தான் இருக்கும்.

படி 3: மெட்ரோ ஸ்மார்ட் கார்டு வாங்குங்கள்

2025 ஆகஸ்டில் கட்டணம் உயர்ந்த பிறகு குறைந்தபட்சம் 11 ரூபாய், அதிகபட்சம் 64. கார்டுக்கு 10% தள்ளுபடி உண்டு; நெரிசல் இல்லாத நேரத்தில் இன்னும் 10%. க்யூஆர் டிக்கெட்டும் நல்லதுதான். ஆனால் தனியாகப் போகிறவருக்குக் கைபேசிதான் வரைபடம், பணப்பை, கேமரா எல்லாமே. சார்ஜ் தீர்ந்தால் கார்டு காப்பாற்றும். பெண்களுக்கு முதல் பெட்டி தனி.

படி 4: நாட்களைப் பிரிப்பது

முதல் நாள் பழைய டெல்லி. சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கிக் கடைவீதி வழியாகச் செங்கோட்டைக்கு நடந்தே போங்கள். வழியில் சீக்கியர் கோயிலான சீஸ்கஞ்ச் குருத்வாரா, கோட்டைக்கு எதிரே சமணக் கோயில். பிறகு ஜும்மா மசூதி. தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை, வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். ஒரு துணிப்பை கொண்டுபோனால் செருப்பை அதில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளலாம். திரும்புவதற்கு சாவ்ரி பஜார் நிலையம் பக்கம்.

இரண்டாம் நாள் முழுவதும் மஞ்சள் பாதை. காலையில் குதுப் மினார். ஒட்டியே இருக்கும் மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்குக் கட்டணமில்லை. அங்குள்ள ஜமாலி கமாலி மசூதி-கல்லறை, ராஜோன் கி பாவ்லி படிக்கிணறு இரண்டையும் பெரும்பாலோர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. மாலையில் ஜோர் பாக் நிலையத்தில் இறங்கினால் 1754இல் கட்டிய சஃப்தர்ஜங் கல்லறை, கொஞ்சம் நடந்தால் லோதி தோட்டம்.

மூன்றாம் நாளுக்கு கர்தவ்ய பாதை (பழைய ராஜபாதை), இந்தியா கேட், தேசியப் போர் நினைவகம், தேசிய அருங்காட்சியகம்.

படி 5: நிலையத்திலிருந்து வாசல் வரை

குதுப் மினார் என்று பெயர் இருந்தாலும் அந்த நிலையத்திலிருந்து மினார் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோக்காரர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள். விலை கேட்பதற்கு முன் "ஷேரிங்?" என்று கேளுங்கள். அந்தச் சொல் இல்லாமல் ஏறினால் வண்டி முழுவதும் உங்கள் "புக்கிங்" ஆகிவிடும். மெஹ்ரோலி பக்கம் போகும் பேருந்தும் உண்டு.

படி 6: சாப்பாடு

படேல் சௌக் நிலையத்தின் அருகே பங்களா சாஹிப் குருத்வாராவில் யாருக்கும் இலவச லங்கர், அதாவது பொதுச் சமையலறைச் சாப்பாடு. தலையை மூட வேண்டும், தரையில் உட்கார வேண்டும், ரொட்டியை இரு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும். முடிந்தால் பாத்திரம் கழுவ உதவுங்கள். சோறு இல்லாமல் முடியாது என்றால் இந்தியா கேட் பக்கம் ஆந்திர அரசு இல்லமான ஆந்திரா பவனின் கேன்டீன். மதியம் தாமதித்தால் வரிசை நீளும்.

பின்சேர்க்கை

பையை எங்கே வைப்பது என்று பலர் கேட்டார்கள். ரயில் நிலையக் க்ளோக் ரூமில் வைக்கலாம். பயணச்சீட்டு வேண்டும், பையில் பூட்டு இல்லையென்றால் வாங்க மாட்டார்கள். ஊரிலிருந்தே சின்னப் பூட்டு எடுத்துப் போங்கள். அக்ஷர்தாமுக்குள் கைபேசிக்கே அனுமதியில்லை, வாசலில் ஒப்படைக்க வேண்டும். திரும்பும் வழியை அதற்கு முன்பே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு: தொல்லியல் துறைச் சின்னங்களில் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கும் இந்தியர் கட்டணமேதான். வெளிநாட்டவர் கட்டணமான 600 ரூபாயைக் கொடுத்துவிடாமல், சீட்டு வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டுங்கள்.