கடைசி ஆல்பத்திலிருந்து முதல் ஆல்பத்துக்கு: பின்னோக்கிக் கேட்க ஒரு வழி

கனடாவின் கவிஞரும் பாடகருமான லெனார்ட் கோஹெனை நான் கடைசியிலிருந்து தொடங்கினேன். 2016 அக்டோபரில் வந்த ‘யூ வாண்ட் இட் டார்க்கர்’தான் நான் கேட்ட முதல் ஆல்பம். 9 பாட்டு, 36 நிமிடம். பாடுகிறாரா பேசுகிறாரா என்று பிரிக்க முடியாத ஒரு குரல், தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல. ஆல்பம் வெளியாகி மூன்று வாரம் முடிவதற்குள், நவம்பர் 7ஆம் தேதி, 82 வயதில் அவர் இறந்துபோனார். செய்தி தெரிந்த இரவே 1967இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைத் தேடிப் போட்டேன். நாலாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். யாரோ ஒரு இளைஞர் மூக்கால் பாடுகிறார், எனக்குத் தெரிந்த மனிதரை அங்கே காணோம். கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

இன்று நான் அதிகம் கேட்பது அந்த முதல் ஆல்பத்தைத்தான். தானே எழுதித் தானே பாடுகிற ஒருவரின் புதிய பாட்டுகள் பிடித்துப்போய், பழையவற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த ஒரு வருடம் வீணாகக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கோஹெனிடமிருந்துதான் வரும். நான் முழுதாக நடந்து பார்த்த பாதை அது.

முதலில் செய்ய வேண்டியது, பிடித்த புதிய ஆல்பத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் தங்குவது. அதில் எது உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று தெரிகிறவரை வெளியே வராதீர்கள். எனக்கு அது குரல் என்றுதான் நினைத்திருந்தேன். பத்துப் பதினைந்து முறை கேட்ட பிறகுதான், அவர் சொன்ன வரிக்குப் பின்னால் இன்னொரு குரல் கூட்டம் எழுந்து பதில் சொல்வதுதான் என்னை இழுத்தது என்று புரிந்தது. அந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் மான்ட்ரியாலின் ஒரு யூதத் தொழுகைக்கூடத்துப் பாடகர் குழு பாடியிருக்கிறது. கோஹென் சிறுவயதில் போன அதே கூடம். இது தெரிந்ததும் கையில் ஒரு நூல் கிடைத்துவிட்டது. குரல் மாறும், வாத்தியம் மாறும், பதிவின் இசை வடிவத்தைத் தீர்மானிக்கிற தயாரிப்பாளர் மாறுவார். மாறாத ஒன்று எது என்று தெரிந்துகொண்டு கிளம்பினால், எவ்வளவு தூரம் பின்னால் போனாலும் அந்நியமாக இருக்காது.

அப்புறம், நான் செய்ததுபோல ஒரே தாவலில் முதல் ஆல்பத்துக்குப் போகாதீர்கள். நடுவில் ஒரு பாலம் வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: மிகச் சிறந்த பாலம், பழைய பாட்டுகளைப் புதிய குரலில் பாடிய ஒரு மேடைப் பதிவு. கோஹெனுக்கு அது ‘லைவ் இன் லண்டன்’. 2008 ஜூலையில் லண்டன் ஓ2 அரங்கில் பாடியது, 2009இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 73. முதல் ஆல்பத்தின் 10 பாட்டுகளில் 4 இந்தப் பதிவில் இருக்கின்றன. எனக்குப் பழகிய ஆழமான குரலில், எனக்குப் பழகாத அந்தப் பாட்டுகள். நாலும் மனதில் ஏறும்வரை கேட்டேன். பிறகு 1967க்குப் போனபோது, 33 வயதுக்காரர் அதே வரிகளைப் பாடுவது கேட்டது. இடையில் இருந்த நாற்பது வருடத்தையும் என்னால் கேட்க முடிந்தது. முதல் முறை எரிச்சலூட்டிய அந்த மூக்குக் குரலில் எவ்வளவு தயக்கம் இருந்தது, அதை மறைக்க எவ்வளவு நிதானம் காட்டினார் என்றெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

எல்லாருக்கும் நல்ல மேடைப் பதிவு இருக்காது. அப்படியானால் தன் பழைய பாட்டையே மறுபடி ஸ்டுடியோவில் பாடியிருக்கிறாரா என்று பாருங்கள். பாடகி ஜோனி மிட்செல் 1969இல் தன் இரண்டாவது ஆல்பத்தில் பாடிய ‘போத் சைட்ஸ், நவ்’ பாட்டை, 2000இல் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி பாடினார். முதலாவதில் வயது 25, இரண்டாவதில் 56. வரி ஒன்றுதான். வாழ்க்கையை இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவிட்டேன் என்று இருபத்தைந்து வயதில் சொல்வது ஒன்று, ஐம்பத்தாறில் சொல்வது வேறு. முதலில் 2000ஐக் கேளுங்கள், உடனே 1969ஐக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே வேறு எதையும் போடாதீர்கள்.

பாலம் கடந்ததும் நேராக முதல் ஆல்பத்துக்கே போகலாமா? போகலாம், ஆனால் நான் ஒரு திருப்புமுனை ஆல்பத்தில் இறங்கிப் போகச் சொல்வேன். அதாவது, இன்று உங்களுக்குத் தெரிந்த ஆள் எந்த ஆல்பத்தில் பிறந்தாரோ அது. கோஹெனுக்கு 1988இன் ‘ஐ’ம் யுவர் மேன்’. கிட்டார் பின்னால் போய் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் முன்னால் வருகிறது, குரல் நன்றாகவே இறங்கிவிட்டது, பெண்களின் கோரஸ் பாதிச் சுமையைத் தூக்குகிறது. கடைசி ஆல்பத்துக்கும் முதல் ஆல்பத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இப்போது முதல் ஆல்பம். இங்கே சில நடைமுறை விஷயங்கள் இருக்கின்றன, சின்னவைதான், ஆனால் என்னை ஒரு வருடம் தள்ளிவைத்ததில் இவற்றுக்கும் பங்குண்டு.

பாட்டுகளை வரிசை கலைத்துப் போடுகிற ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரே ஆல்பம் இரண்டு மூன்று பதிப்புகளாகக் கிடக்கும். ரீமாஸ்டர் செய்த, அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்த, பதிப்புகளின் கடைசியில் போனஸ் பாட்டுகளைச் சேர்த்திருப்பார்கள். கோஹெனின் முதல் ஆல்பத்துக்கு 2007இல் வந்த மறுபதிப்பில் அப்படி 2 பாட்டு கூடுதல். நல்ல பாட்டுகள்தான், ஆனால் அவர் ஆல்பத்தை முடித்த இடம் பத்தாவது பாட்டு. முதல் தடவை அங்கே நிறுத்துங்கள். இன்னொன்று, அது எல்.பி. இசைத்தட்டுக் காலத்து ஆல்பம்: ஒரு பக்கம் 5 பாட்டு, திருப்பிப் போட்டால் இன்னொரு 5. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான் அந்தக் காலத்தில் பாட்டுகளை வரிசைப்படுத்தினார்கள். ஒரே மூச்சில் கேட்டால் ஆறாவது பாட்டு ஏன் அப்படித் தொடங்குகிறது என்று பிடிபடாது.

ஒலி அளவையும் கவனியுங்கள். இன்றைய பதிவுகள் பெரும்பாலும் பழையவற்றைவிடச் சத்தமாக இருக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போட்டால் பழையது மெலிந்து, உயிரில்லாததுபோலத் தெரியும். ஒலியைச் சமன்செய்யும் வசதி செயலியில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கையாலேயே கூட்டிக்கொள்ளுங்கள். பாட்டின் வரிகளை முதல் தடவை படிக்க வேண்டாம். மூன்றாவது தடவை படியுங்கள். முதலிலேயே படித்தால் கண் முந்திப் போய்விடும், காது சும்மா பின்னால் வரும்.

பழைய ஆல்பத்தை ‘தொடக்க முயற்சி’ என்று நினைத்துக் கேட்பதுதான் பெரிய தவறு. நானும் அதைத்தான் செய்தேன். பின்னால் வந்த பெரிய மரத்தின் விதையை அதில் தேடினேன். ஆனால் முதல் ஆல்பம் வந்தபோது கோஹென் ஏற்கெனவே நான்கு கவிதைத் தொகுப்புகளும் இரண்டு நாவல்களும் வெளியிட்ட எழுத்தாளர். எழுத்தில் பழுத்தவர், பாடுவதற்குத்தான் புதியவர். அது தெரிந்த பிறகு நான் கேட்கும் கேள்வி மாறியது. பின்னால் வந்தது இங்கே இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு, பின்னால் இவர் கைவிட்டது என்ன என்று கேட்டேன். பதில் கிட்டாரில் இருந்தது. விரல்களால் வேகமாக, சுழல்போல மீட்டுகிற அந்த வாசிப்பு கடைசிக்கால ஆல்பங்களில் ஏறக்குறைய இல்லை. 2011இல் ஸ்பெயினில் ஒரு விருதை ஏற்றுப் பேசும்போது, இளமையில் ஒரு ஸ்பானிய இளைஞர் மூன்று நாள் பாடத்தில் கற்றுத்தந்த ஆறு கார்டுகளே, அதாவது ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டுகளே, தன் எல்லாப் பாட்டுக்கும் அடித்தளம் என்று அவர் சொன்னார். 1971இன் ‘சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்’ ஆல்பத்தின் முதல் பாட்டில் அந்த விரல்களைக் கேளுங்கள்.

தயாரிப்பாளர் பெயரையும் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு பழைய ஆல்பம் பிடிக்காமல் போனால், பிடிக்காதது பாட்டா, அதன்மேல் போர்த்திய இசையா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஜான் சைமன், பாட்டுகளின்மேல் தந்தி வாத்தியங்களையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்தார். கோஹெனுக்கு எளிமையாக இருக்க வேண்டும். சிலவற்றை எடுக்கப் பார்த்தார், ஆனால் நாலு தனித் தடங்கள் மட்டுமே உள்ள (நாலு டிராக்) டேப்பில் எல்லாம் கலந்துவிட்டதால் சில ஒலிகளைப் பிரித்தெடுக்க முடியாமல் போயிற்று. 1977இல் ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த ஆல்பத்தில் பாட்டுக்கும் இசைக்கும் இன்னும் மோசமான சண்டை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் சுற்றில் விட்டுவிட்டாலும் குற்றமில்லை.

மற்றவர்கள் பாடிப் பிரபலமான பாட்டிருந்தால் அதிலிருந்து தொடங்காதீர்கள். ‘ஹாலேலூயா’ 1984இல் வந்த கோஹென் ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அவருடைய இசைப்பதிவு நிறுவனமே மறுத்தது. 1991இல் ஜான் கேல், 1994இல் ஜெஃப் பக்லி பாடிய பிறகுதான் பாட்டு ஊரெல்லாம் பரவியது. பக்லியின் உருகல் காதில் இருக்கும்போது மூலத்தைக் கேட்டால் மூலம்தான் நகல்போலத் தெரியும். அந்த ஆல்பத்தின் மற்றப் பாட்டுகள் பழகிய பிறகு அதற்கு வாருங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, இரண்டு வாரத்துக்கு ஒரு ஆல்பம் எனக்குச் சரியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி. தொகுப்பு ஆல்பங்களைத் தொடவில்லை. வெவ்வேறு வருடத்துக் குரல்கள் அதில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

எல்லாம் கேட்டு முடித்ததும் நீங்கள் தொடங்கிய ஆல்பத்தை மறுபடி போடுங்கள். நான் போட்டேன். ‘யூ வாண்ட் இட் டார்க்கர்’ ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டை அதுவரை பாதியில் விட்டு எழுந்துவிடுவேன், வெறும் வாத்தியம்தானே என்று. இந்தமுறை உட்கார்ந்திருந்தேன். தந்தி வாத்தியங்கள் மட்டும் வெகுநேரம் வாசித்துக்கொண்டே இருந்தன. 1967இல் தன் பாட்டுகளிலிருந்து எடுக்கப் பார்த்த தந்திகளுக்கு இங்கே அவரே இடம்விட்டு ஒதுங்கி நின்றார். அவை ஓய்கிற நேரத்தில்தான் அவர் குரல் வந்தது, சில வரிகள் மட்டும்.