இந்திய நாணயங்களில் அக்கசாலைக் குறியைக் கண்டறியும் முறை

நாணயச் சேகரிப்பைத் தொடங்குபவர் முதலில் பழக வேண்டியது, ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள சிறு குறியைப் படிப்பதாகும்; நாணயம் எந்த அக்கசாலையில், அதாவது நாணயம் அச்சடிக்கும் ஆலையில், உருவானது என்பதை அது காட்டும். ஒரே ஆண்டில் ஒரே மதிப்பில் வெளியான இரு நாணயங்கள்கூட, இக்குறி வேறுபட்டால் சேகரிப்பாளருக்கு இரு வேறு நாணயங்களே.

பகல் வெளிச்சத்தில், நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சாய்சதுரம் மும்பையையும், ஐந்துமுனை நட்சத்திரம் ஐதராபாத்தையும், வட்டப் புள்ளி 1988-இல் உற்பத்தியைத் தொடங்கிய நொய்டாவையும் குறிக்கும்; குறி ஏதும் இல்லையெனில் பெரும்பாலும் கொல்கத்தா. 'பெரும்பாலும்' என்பதற்குக் காரணம் உண்டு: புழக்கத்தில் தேய்ந்த நாணயத்தில் நொய்டாவின் புள்ளி அழிந்துபோயிருக்கலாம் என்பதால், எண்களின் கூர்மை மழுங்காத நாணயத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். சாய்சதுரத்தைக் கண்டதும் மும்பை என்று எழுதிவிடவும் வேண்டாம். நடுவில் பிளவோ புள்ளியோ உள்ள சாய்சதுரங்களை ஐதராபாத்தும் பயன்படுத்தியுள்ளது. தொடக்கநிலையினர் மிகுதியாகத் தவறுவது இந்த இடத்தில்தான்.

புளியோ எலுமிச்சையோ தேய்த்து நாணயத்தைப் பளபளப்பாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காலம் படியவைத்த இயற்கை நிறம் ஒருமுறை போனால் திரும்பாது. பிவிசி என்னும் நெகிழியாலான உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும் என்பதால் அவற்றையும் தவிர்த்து, ஆண்டு, மதிப்பு, குறி ஆகியவற்றை எழுதிய அமிலமற்ற காகித உறையில் வையுங்கள்.