ஹெச்பி நிறைந்திருந்தால் போதுமா? சப்போர்ட் விளையாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆர்பிஜி கேம்களில், பார்ட்டி (கூட ஆடும் குழு) மொத்தமும் தரையில் கிடக்கும்போது சாட்டில் முதலில் வந்து விழும் கேள்வி, "ஹீல் எங்கே?" என்பதுதான். குறைந்த ஹெச்பியை, அதாவது உயிர் அளவை, நிரப்புவதுதான் ஹீல். பல நேரம் அது நியாயமில்லாத கேள்வி. அடி விழப்போகும் இடத்தைக் காட்டும் சிவப்பு வட்டம் காலடியில் விரிந்தும் நகராமல் நின்றவரை எந்த ஹீலராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் சில தோல்விகளுக்கு சப்போர்ட்தான் காரணம். அவை பெரும்பாலும் கை வேகம் போதாததால் வருவதில்லை, தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டு விளையாடுவதால் வருகின்றன.

சப்போர்ட் என்றால் ஹீலர் மட்டுமல்ல. ஷீல்டு போடுபவர், பஃப் (கூட்டாளிகளின் திறனைக் கூட்டும் ஸ்கில்) கொடுப்பவர், எதிரியைத் தூங்க வைத்து நிறுத்துபவர் எல்லாருமே சப்போர்ட்தான். யாராக இருந்தாலும், பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்று. யாருக்காவது ஹெச்பி இறங்கியதைப் பார்த்து, உடனே ஓடிப்போய் நிரப்புவது. பார்ட்டியில் ஒருவர் 60 சதவீத ஹெச்பியில் நிற்கிறார் என்றால் அது தன்னளவில் ஒரு பிரச்சினையே இல்லை. அடுத்து வரப்போகும் அடி எவ்வளவு பெரியது, அதை அவர் தாங்குவாரா, அதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்தக் கணக்கைப் போடப் பழகிவிட்டால் கீழே சொல்லும் தவறுகளில் பல தாமாகவே குறையும்.

எல்லாரையும் எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருப்பது

புதிய ஹீலர்களிடம் அதிகம் பார்க்கக்கூடியது இதுதான். 5 சதவீதம் குறைந்தாலும் ஒரு பெரிய ஹீல். அந்த ஹீலில் முக்கால்வாசி வீண், இதைத்தான் ஓவர்ஹீல் என்கிறோம். மானா (ஸ்பெல்லுக்குச் செலவாகும் சக்தி) வீணாவது மட்டுமல்ல, நேரமும் வீணாகிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் ஒரு ஸ்பெல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே அடிப்படை இடைவெளி 2.5 வினாடி. வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்டில் 1.5 வினாடி. தேவையில்லாத ஹீலில் அந்த இடைவெளியைச் செலவழித்த அதே நொடியில் டேங்க் (எதிரியின் அடிகளைத் தன் மேல் வாங்கிக்கொள்பவர்) மேல் பெரிய அடி விழுந்தால், கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த பெரிய அடிக்கு இன்னும் 20 வினாடி இருக்கிறது என்றால், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் ரீஜென் ஒன்றைப் போட்டுவிட்டு விட்டுவிடலாம். அடி விழுவதற்குள் நிரம்பினால் போதும். இடையில் கிடைக்கும் நேரத்தில் எதிரியை அடியுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் 4 பேர் சேர்ந்து போகும் டன்ஜனில் (எதிரிகள் நிறைந்த இடம்) சேதம் கொடுக்க என்றே வருபவர்கள் இரண்டே பேர். அங்கே ஹீலரும் விடாமல் அடித்தால் சண்டை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சீக்கிரம் முடியும். சண்டை சுருங்கினால் ஹீல் செய்ய வேண்டிய அளவும் சுருங்கும். "நான் ஹீலர், எனக்கென்ன அடிக்கிற வேலை?" என்று ஒதுங்கி நிற்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

பெரிய ஸ்கில்லைப் பொத்திப் பொத்தி வைப்பது

ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் ஹீலர்களில் ஒருவரான ஒயிட் மேஜிடம் பெனடிக்‌ஷன் என்று ஒரு ஸ்கில் உண்டு. ஒருவரின் முழு ஹெச்பியையும் ஒரே அழுத்தில் நிரப்பிவிடும். கூல்டவுன், அதாவது மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய நேரம், 180 வினாடி. இதை "ஆபத்துக்கு ஆகும்" என்று வைத்திருந்து, சண்டை முடியும்வரை தொடாதவர்கள் ஏராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 நிமிடச் சண்டையில் முதல் அரை நிமிடத்திலேயே போட்டால், அதே ஸ்கில் இன்னும் மூன்று முறை திரும்பி வரும். மொத்தம் நான்கு. பொத்தி வைத்தவருக்குக் கிடைப்பது ஒன்று, அல்லது ஒன்றுமில்லை.

அதே ஒயிட் மேஜுக்கு 20 வினாடிக்கு ஒரு லில்லி (ஹீலுக்குச் செலவிடும் பூ) கிடைக்கும், மூன்றுக்கு மேல் சேராது. மூன்றும் நிறைந்த பிறகு காத்திருந்தால், வரவேண்டியது வராமலே போகிறது. எந்த கேமாக இருந்தாலும் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: பாஸின் (முக்கிய எதிரியின்) எந்த அடிக்கு எந்த ஸ்கில் என்று முன்கூட்டியே பிரித்து வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் அவசரத்துக்கு ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் புழக்கத்தில் இருக்கட்டும்.

டன்ஜனில் டேங்க் ஒரு பெரும் கும்பலை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறாரே, அந்த முதல் சில வினாடிகள்தான் மிக ஆபத்தானவை. எதிரிகள் எல்லாருமே உயிரோடு இருப்பார்கள், அதனால் அடியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பாதி எதிரிகள் செத்த பிறகு பெரிய ஸ்கில் போடுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடி விழுந்த பிறகு ஷீல்டு போடுவது

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பாஸ் எல்லார் மேலும் விழும் ஒரு பெரிய அடிக்குத் தயாராகிறது, அதன் காஸ்ட் பார் (ஸ்கில் தயாராவதைக் காட்டும் பட்டை) 5 வினாடி என்று வைத்துக்கொள்வோம். பார்ட்டியில் எல்லாரும் முழு ஹெச்பியில் இருக்கிறார்கள். நிரப்ப ஒன்றுமில்லை என்று ஹீலர் சும்மா நிற்கிறார். அடி விழுகிறது, எல்லாரும் 30 சதவீதம். இப்போதுதான் 2 வினாடி காஸ்ட் உள்ள ஹீலை ஆரம்பிக்கிறார். அது முடிவதற்குள் பாஸின் ஒரு சாதாரண அடி, ஒரு ஆள் காலி.

பழகிய ஹீலர் அதே 5 வினாடியை எப்படிச் செலவழிப்பார்? காஸ்ட் பார் ஓடத் தொடங்கியதும் ஷீல்டு, அல்லது சேதத்தைக் குறைக்கும் ஏதாவது ஒன்று. பிறகு, பார் முடியும் தறுவாயில் பார்ட்டி ஹீலைத் தொடங்கிவிடுவார். அவர் தொடங்கும்போது யாருக்கும் ஹெச்பி குறைந்திருக்காது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அடி விழுந்த அடுத்த நொடியே ஹீலும் வந்து விழும். அதே ஸ்பெல், அதே மானா, நேரத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தியிருக்கிறார்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் எவ்வளவு சேதம் என்பது காஸ்ட் பார் முடியும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. திரையில் வெடிப்பும் எண்களும் வருவது அதற்குக் கொஞ்சம் பிறகு. வெடிப்பைப் பார்த்துச் சேதம் குறைக்கும் ஸ்கில்லை அழுத்தினால் பலன் பூஜ்ஜியம். "போட்டேனே, ஏன் வேலை செய்யவில்லை?" என்று குழம்புபவர்களுக்குப் பல நேரம் பதில் இதுதான்.

இரண்டு ஹீலர்கள் இருக்கும் சண்டைகளில் வேறொரு சிக்கல் உண்டு. அதே கேமின் ஹீலர்களான ஸ்காலரின் கேல்வனைஸ் ஷீல்டும் சேஜின் யூக்ரேசியன் ஷீல்டும் ஒன்றின் மேல் ஒன்று சேராது. இருவரும் ஒரே அடிக்குப் போட்டால் ஒருவரின் உழைப்பு காற்றில் போகும். ஆரம்பிக்கும் முன்பே "முதல் அடிக்கு நான், அடுத்ததற்கு நீங்கள்" என்று ஒரு வரி சாட்டில் போட்டுவிட்டால் முடிந்தது. இது புதிய யோசனையும் இல்லை. 1999-இல் வந்த எவர்க்வெஸ்டில் கம்ப்ளீட் ஹீல் என்ற ஸ்பெல்லுக்கு 10 வினாடி காஸ்ட். ஒருவரால் தனியாக டேங்கைக் காப்பாற்ற முடியாது என்பதால், கிளெரிக் எனப்படும் ஹீலர்கள் வரிசை எண் வைத்து, சில வினாடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தொடங்குவார்கள். ஒருவர் வரிசையைத் தவறவிட்டால் டேங்க் போய்விடுவார். ஹீல் என்பது தனி ஆள் வேலை இல்லை என்று அந்த கேம் ஆடியவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

செத்தவரை எழுப்பும் அவசரம்

ஒருவர் விழுந்ததும் எழுப்பத்தான் கை போகும். அந்த நல்ல எண்ணம்தான் பல பார்ட்டிகளைக் கவிழ்க்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் எழுப்புவதற்கு 8 வினாடி காஸ்ட், மொத்தம் 10,000 மானாவில் 2,400 போய்விடும். ஸ்விஃப்ட்காஸ்ட் போட்டு உடனடியாக எழுப்பலாம், ஆனால் மானா குறையாது. எழுந்து வருபவருக்கும் 100 வினாடி பலவீனம், அவருடைய திறன்கள் கால்வாசி குறைந்திருக்கும். பெரிய அடி வர 3 வினாடி இருக்கும்போது அவரை எழுப்பினால், எழுந்த வேகத்தில் மறுபடி விழுவார், இன்னும் மோசமான பலவீனத்தோடு.

ஆகவே முதலில் உயிரோடு இருப்பவர்களை நிலைப்படுத்துங்கள். அடி விழட்டும், பிறகு எழுப்பலாம். இரண்டு பேர் விழுந்து கிடந்தால் முதலில் டேங்க் அல்லது இன்னொரு ஹீலர். நண்பர் என்பதற்காக முதலில் அவரை எழுப்ப வேண்டாம், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

டீபஃப் கண்டதும் நீக்குவது

எல்லா டீபஃப்பும் (எதிரி நம் மேல் போடும் கெட்ட விளைவு) நீக்கத்தக்கதல்ல. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் ஐகானின் மேல் வெள்ளைக் கோடு இருந்தால்தான் அதை நீக்கும் எஸ்யூனா ஸ்பெல் வேலை செய்யும், இல்லாவிட்டால் ஒரு ஸ்பெல் வீண். வார்க்ராஃப்டில் ஹீலர்களின் டிஸ்பெல் ஒருமுறை நீக்கினால் மறுபடி வர 8 வினாடி ஆகும், எனவே அற்பமான ஒன்றை நீக்கிவிட்டு, உயிரைக் குடிக்கும் ஒன்றுக்குக் காத்திருக்க நேரும். வார்லாக் என்ற மந்திரவாதியின் அன்ஸ்டேபிள் அஃப்ளிக்‌ஷன் இன்னும் பொல்லாதது: நீக்கியவரையே அடித்து, ஸ்பெல் போட முடியாதபடி சைலன்ஸும் செய்துவிடும். புதிய டன்ஜனுக்குப் போகும் முன் எந்த டீபஃப்பை உடனே நீக்க வேண்டும், எதை விட்டுவிடலாம், எதை நீக்கும் முன் ஆளை ஒதுக்குப்புறமாக நிற்கச் சொல்ல வேண்டும் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பஃப்பை வீணடிப்பது

பஃப் விஷயத்தில் நடக்கும் தவறு ஹீலுக்கு நேர் எதிரானது. கூல்டவுன் வந்த நொடியே கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடுவார்கள். வார்க்ராஃப்டின் பிளட்லஸ்ட் 40 வினாடிக்கு எல்லாருக்கும் 30 சதவீதம் வேகம் கொடுக்கும், அதன் பிறகு 10 நிமிடத்துக்கு அவர்களுக்கு மறுபடி வேலை செய்யாது. பாஸ் பறந்து போய் அடிக்கவே முடியாத நேரத்தில் அதைப் போட்டால், பார்ட்டியின் மிகப் பெரிய வாய்ப்பு ஒன்று கை நழுவியது என்று அர்த்தம். மற்றவர்கள் தங்கள் பெரிய ஸ்கில்களை எப்போது போடுகிறார்கள் என்று கவனித்து, அதோடு சேர்த்துப் போடுங்கள்.

ராக்னராக் ஆன்லைன் ஆடியவர்களுக்கு லெக்ஸ் எட்டர்னா நினைவிருக்கும். ப்ரீஸ்ட் போடும் அந்த ஸ்பெல், எதிரி மேல் விழும் அடுத்த ஒரே ஒரு அடியை இரட்டிப்பாக்கும். விசார்ட் ஒரு பெரிய ஸ்பெல்லை ஓதிக்கொண்டிருக்கும்போது போட்டால் பிரமாதம். ஆனால் இடையில் யாரோ ஒருவரின் சின்ன அம்பு முதலில் பட்டுவிட்டால், அந்த அம்புதான் இரட்டிப்பாகும். எனவே விசார்டின் காஸ்ட் பாரைப் பார்த்து, கடைசி நொடியில் போட வேண்டும். நல்ல பஃப்பருக்குத் தன் ஸ்கில்லைவிட அடுத்தவரின் ஸ்கில் அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தூரத்தையும் மறக்க வேண்டாம். கில்ட் வார்ஸ் 2-இல் பெரும்பாலான பூன்கள் (அந்த கேமின் பஃப்கள்) ஒரே நேரத்தில் அருகில் இருக்கும் ஐந்து பேருக்குத்தான் போகும். எங்கோ பாதுகாப்பான மூலையில் தனியாக நின்று பஃப் போட்டால் அது யாருக்கும் கிடைக்காது. மற்றவர்கள் நடுவில் போய் நில்லுங்கள்.

நிற்கும் இடம், ஓடும் திசை

புதிதாக வந்த எதிரி ஒன்று டேங்கை விட்டு உங்கள் மேல் பாய்கிறது. ஹீல் செய்தாலே அக்ரோ (எதிரியின் கவனம் நம் மேல் திரும்புவது) ஏறும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். உடனே பயந்து எதிர்த் திசையில் ஓடுவது இயல்பு, ஆனால் அது தவறு. டேங்க் உங்களைத் துரத்திக்கொண்டு வர வேண்டியிருக்கும், மற்ற எதிரிகளும் சிதறும். டேங்க் பக்கமாகவே ஓடுங்கள், அவர் நின்ற இடத்திலிருந்தே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

தூணுக்குப் பின்னால் நிற்பது இன்னொன்று. பல கேம்களில் இடையில் சுவர் இருந்தால் ஹீல் போகாது. டேங்க் திரும்பும் மூலையில் நீங்களும் கூடவே திரும்புங்கள். அப்புறம், வட்டம் விழுந்தால் காஸ்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு நகருங்கள். ஒரு ஹீல் தவறினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், ஹீலரே விழுந்துவிட்டால் மற்றவர்களுக்கு இன்னும் சில வினாடிதான் மிச்சம்.

இதற்கெல்லாம் கண் பாஸ் மேலும் தரை மேலும் இருக்க வேண்டும். முடியவில்லை என்றால் முதலில் திரை அமைப்பைச் சந்தேகப்படுங்கள். பார்ட்டி லிஸ்ட் ஒரு மூலையில் சின்னதாக இருந்தால் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பெரிதாக்கி, பாத்திரம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பாஸின் காஸ்ட் பாரும் அதே பக்கம் இருக்கட்டும். மவுஸை ஒருவர் பெயர் மேல் வைத்தாலே அவருக்கு ஹீல் போகும்படி மவுஸ்ஓவர் மேக்ரோ அமைத்தால், டார்கெட் மாற்றி மாற்றிச் சொடுக்கும் வேலை மிச்சம். ஒரு மாலை முழுக்க இதற்கே செலவழித்தாலும் தகும். மாற்றிய பிறகு தெரிந்த ஒரு எளிய டன்ஜனில் இரண்டு மூன்று முறை ஓடிப் பாருங்கள், கை புது இடத்துக்குப் பழகிய பிறகு ரெய்டுக்குப் (பெரிய குழுச் சண்டைக்கு) போகலாம்.